வாளியில் விழாத சிப்பி

மலேசியாவில், தம்பின் ஊர்ப் பக்கம் நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகள் இல்லை. பின்னாலிருந்த குளம் மட்டும் இருந்தது. அதில் முழங்கால் சேற்றில் நின்று ஒரு பெண் சிப்பி தேடிக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் துண்டு. பல்கலைக்கழகத்தில் சிப்பி இனங்களைப் பிரித்து அறிகிறவராம். எடுத்தவற்றில் சிலதை வாளியில் போட்டார். மற்றவற்றை, இருந்த குழியிலேயே வாய் மேலே வரும்படி நட்டுவைத்தார்.

கரையில் கிடந்த பெரிய சிப்பி ஓட்டைக் காட்டினேன்.

"சின்ன வயசுல இதைத்தான்லா எங்கம்மா மொளகா போட்டுப் பெரட்டுவாங்க."

அவர் ஓட்டின் இரு பாதியும் சேரும் மூட்டை விரலால் தடவினார்.

"மூட்டுல பல்லே இல்ல, உருண்டையாவும் இருக்கு. இது இந்த ஊரு இனம் இல்ல, அண்ணே. சீனாவுலேருந்து வளர்ப்பு மீன்ல குஞ்சா ஒட்டிக்கிட்டு வந்தது. வாளியில இருக்கறது பூரா இதுதான். இதைத் திரும்ப விடக்கூடாது."

எனக்குச் சுருக்கென்றது.

"எங்க பாட்டனும் கப்பல்ல வந்தவருதான். எத்தனை தலைமுறை இருந்தா இந்த ஊரு இனம்னு எழுதுவீங்க?"

அவர் சிரிக்கவில்லை.

"எங்க பாட்டனும்தான், அண்ணே."

அடுத்து அவர் கைக்கு வந்ததும் அதே சீனத்துச் சிப்பி, உயிரோடு. வாளிக்கு மேலே கை கொஞ்சநேரம் நின்றது. பிறகு குனிந்து, குழியைத் துழாவி, அதை நட்டுவைத்தார்.

எனக்காகவா, தனக்காகவா? இன்னும் தெரியவில்லை.