நத்தார் மரத்தில் ஐந்தாவது நட்சத்திரம்

இன்று காலை கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டைச் சோதனையிட வந்தார்கள்.

தமிழ் வீடுகளில் இருப்பவர்களையெல்லாம் பொலிஸில் பதிய வேண்டும்; எங்கள் படிவத்தில் நாங்கள் நாலு பேர்.
மகளோ ஆளுக்கொன்றாகத் தமிழில் பெயரெழுதி, கிறிஸ்மஸுக்கு வைத்த நத்தார் மரத்தில் ஐந்து காகித நட்சத்திரங்களைக் கட்டியிருந்தாள்.

பொலிஸ்காரர் நட்சத்திரங்களை எண்ணினார். "ஐந்தாவது ஆள் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கட்டிலுக்கடியிலும் அலுமாரிக்குள்ளும் தேடினார்கள்.

மனைவி குடிலிலிருந்த வெறும் தொட்டிலைக் காட்டினாள்.
"அஞ்சாவது நட்சத்திரம் யேசு பாலனுக்குக் கட்டினது, சேர். அவர் இன்னும் பிறக்கேல்ல."

பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. படிவத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தாய்தகப்பன் குடிக்கணக்குக்குப் பேர் பதியப் போன ஊரில் பிறந்த அந்த யேசு பாலனையே, பதியாத ஆளென்று தேடுகிறார்கள்.

உங்கள் வீட்டு மரத்தில் எத்தனை நட்சத்திரம்? இப்போதே எண்ணிப் பாருங்கள்.