புளி போட்டுத் தேய்த்த காசு

பிள்ளைகளா, இந்தத் தையல் மிஷின் வீட்டுக்கு வந்த கதையை அம்மாவிடம் கேட்டால், "வாங்குனோம், வந்துச்சு" என்று ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். அதனால் நானே எழுதி வைக்கிறேன். அந்தக் கதை செப்புக்காசில்தான் ஆரம்பிக்கிறது.

அப்போது நாங்கள் நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்குத் தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கிற வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். உங்கள் பெரியக்கா ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிற நேரம். தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ஹட்டனுக்குத்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச வருஷத்தில் செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள் பதிவில் பேர் பதிந்து கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

"எம்மவ பேரு செக்ரோல்ல ஏறாது, பள்ளிக்கூடத்துலதான் ஏறும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த நேரத்தில் நோர்வூட் டெய்லர் ஒருவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். தன் கை மிஷினை விற்கப்போவதாகச் சொன்னார். பொங்கல் வரைக்கும் நமக்காக வைத்திருப்பதாக வாக்கும் கொடுத்தார். மிஷின் வந்தால் லயத்துச் சட்டையெல்லாம் தைக்கலாம், அக்காவின் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் வழி பிறக்கும் என்று அம்மா கணக்குப் போட்டாள். ஆனால் கையில் ஒன்றும் இல்லை.

ஃபெக்டரியில் ஒருவன்தான் எனக்கு அந்தச் சேதியைச் சொன்னான். ஹட்டனில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வான ஒரு சிங்களப் பெரியவர், மாத்தயா என்போம், பழைய செப்புக்காசு வாங்குகிறாராம். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த தகரப் பெட்டியின் அடியில் அப்படிக் காசு கொஞ்சம் கிடந்தது. ஒரு பக்கம் ராணி தலை, மறு பக்கம் பனை மாதிரி ஒரு மரம். எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தன.

"இப்பிடியே கொண்டு போனா, அடுப்படியில இருந்து பொறுக்கிட்டு வந்ததுன்னு நெனைப்பாரு" என்றாள் அம்மா.

நம்ம வீட்டில் பண்டிகை வந்தால் குத்துவிளக்கையும் செம்பையும் என்ன செய்வோம்? அதையேதான் செய்தோம். நான் புளியைக் கரைத்தேன், அவள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஒவ்வொரு காசும் பொங்கல் பானை மாதிரி தகதக என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு பஸ் ஏறினோம்.

மாத்தயா அந்தக் காசுகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அபராதே!" என்றார். அநியாயம் என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். "தங்கச்சி, இது யாரு செஞ்ச வேலை?"

"நாந்தாங்க. நல்லா வெளக்கிட்டேன்" என்றாள் அம்மா, பெருமையாக.

"வெளக்கல, தோலை உரிச்சிட்டீங்க."

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து எங்களுக்கும் காட்டினார். செப்புக்கு வருஷக் கணக்கில் தானாக ஒரு கறுப்பு ஏறுமாம், அதுதான் அதன் தோலாம். புளிப்பு பட்டால் அந்தத் தோல் போய்விடும், திரும்ப வராது. சாம்பல் பட்டு ராணியின் தலைமயிர்க் கோடுகள் மழுங்கியிருந்தன. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சல்லடையில் தூளை அதிகமாகத் தேய்த்தால் கறுப்பு மினுமினுப்பு போய் நரைத்துவிடும். நரைத்த தூளுக்கு என்ன விலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"பழசுன்னா வெலை இல்லையாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாப் பழசுக்கும் இல்ல. வருஷத்தைப் பாக்கணும். அந்த வருஷம் நெறைய அடிச்சிருந்தா, எவ்வளவு பழசா இருந்தாலும் யாரும் தேடமாட்டாங்க. கொஞ்சமா அடிச்ச வருஷம்னா தேடித் தேடி வருவாங்க. அதுக்கப்புறம் எழுத்து தெளிவா இருக்கணும், தேய்க்காம இருக்கணும், ஓட்டை இருக்கக் கூடாது."

ஓட்டை என்றதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாதிக் காசில் ஓட்டை இருந்தது. பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுவதற்காக யாரோ போட்டது.

"இதையெல்லாம் திரும்பவும் புள்ளைங்க இடுப்புலயே கட்டுங்க, அங்கதான் இதுக்கு மரியாதை" என்று சிரித்துக்கொண்டே நகர்த்தி வைத்தார். ஓட்டை இல்லாததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்தது பஸ் செலவுக்கும் ஒரு சீலைத்துணிக்கும் காணும், அவ்வளவுதான்.

எழுந்திருக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இன்னும் ஒண்ணு இருக்குங்க. ஓட்டை இல்ல, தேய்க்கவும் இல்ல. பெரிய அஞ்சு சதம்" என்றேன்.

மாத்தயா நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது நீங்கள் பார்க்கிற சதுர அஞ்சு சதம் இல்லை அது. அந்தக் காலத்து வட்டக்காசு, உள்ளங்கை நிறையும். வருஷமும் நல்ல வருஷமாக இருந்தால் என்ன தருவேன் என்று அவர் சொன்னது அந்த மிஷின் விலைக்கு ஏறக்குறைய வந்தது.

அம்மா மிச்சக் காசுகளை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்கு நடந்தாள். அந்தக் காசு மாரியம்மன் படத்துக்குக் கீழே ஆணியில், மஞ்சள் துணியில் முடிந்து தொங்கியது. பெரியக்காவுக்குக் காய்ச்சல் கண்டு கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் திருவிழாவில் செலுத்துகிறேன் என்று அம்மா முடிந்துவைத்தது. செலுத்துகிற அன்றைக்குத்தான் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

பஸ்ஸில் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "சாமிக்கு வருஷமா முக்கியம்? வேற காசு முடிஞ்சு வைப்போம். இன்னும் கூடவே வைப்போம். அதுவும் அவ படிப்புக்குத்தானே?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "காய்ச்சல்ல கெடந்தப்ப, வேற புள்ள குடு ஆத்தான்னா கேட்டோம்? இந்தப் புள்ளதான் வேணும்னு கேட்டோம். அப்ப இந்தக் காசுதான்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே, "மிஷின் வாங்காம விடமாட்டேங்க, நீங்க பாருங்க" என்றாள்.

பொங்கலுக்கு டெய்லர் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கைக்காசுக்கு மலை ஏறினாள். லீவு நாளில் எடுக்கிற கொழுந்துக்கு அன்றைக்கே கையில் காசு கொடுப்பார்கள், அதற்குத்தான் கைக்காசு என்று பெயர். முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மழையென்றும் பாராமல் போனாள். சமையலையும் தண்ணீர் தூக்குகிறதையும் நான் பார்த்துக்கொண்டேன். பெரியக்காவை அந்தத் தையிலேயே ஹட்டனில் சேர்த்தோம், கடனோ உடனோ வாங்கித்தான்.

ஹட்டனுக்குப் போனபோது அந்த வேண்டுதலை நான் சொல்லிவைத்ததால், மாசித் திருவிழாவுக்கு மாத்தயாவும் வந்திருந்தார். காசைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றார். அம்மா உண்டியலுக்கு முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்தபடியே காட்டினாள். அவர் குனிந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"நான் தேடுற வருஷம்தான் தங்கச்சி" என்றார்.

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அதை உண்டியலில் போட்டாள்.

உண்டியல் திறந்த அன்று மாத்தயா கோயில் ஆட்களிடம் கேட்டு, எங்களுக்குச் சொன்ன அதே விலைக்கு அதை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காசில் கோயில் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது உண்மைதான். அம்மா தகரத்தை அண்ணாந்து பார்த்து, "இனி ஆத்தா தலையில ஒழுகாது" என்றாள்.

மிஷின் வர அடுத்த மாசித் திருவிழாவும் கடந்துவிட்டது. ஹட்டனில் பழசாக வாங்கியது, பலகையில் கீறல் இருக்கிறதே, அது அப்போதே இருந்தது. தலையில் சும்மாடு வைத்து அம்மாதான் தூக்கி வந்தாள், என்னிடம் தரவில்லை. இறக்கி வைத்த கையோடு பெரியக்காவின் வெள்ளைச் சட்டையைத் தைக்க உட்கார்ந்தாள். போன மாதம் மிஷினைத் துடைக்கிறேன் என்று நான் புளியோடு போனேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் என்னை விரட்டியதைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்களே.