மூன்றாவது மிதி

சரக்கு விற்பனைச் சட்டம், பதினைந்தாவது பிரிவு: விவரம் சொல்லி விற்கப்படும் சரக்கு, சொல்லப்பட்ட விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய எளிய வாக்கியம். அதை யாரும் படிப்பதில்லை என்பதால் இன்றுவரை யாரும் அதில் கை வைக்கவும் இல்லை. எனக்கு அது மனப்பாடம். அதை நினைக்கும்போதெல்லாம் என் பழைய நாட்குறிப்புக்குள் வைத்திருக்கும் ஒரு காகிதத் துண்டு கண்முன் வரும். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். ஒரு காரின் சேஸிஸ் எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. பதினேழு எழுத்தும் எண்ணும் கறுப்புக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும். மதுரைச் சுற்றுச்சாலையில் பழைய கார் விற்கும் ஒரு கடையில், வைகாசி வெயிலில், முன்கதவைத் திறந்து மண்டியிட்டு, இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்துக் கால்மணி நேரம் கிடந்து அதை எடுத்தேன். பதிவுச் சான்றோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் காரின் மிதிகள் இருந்தன. அவற்றை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கார் எனக்கல்ல, மதினிக்கு. என் அண்ணன் மனைவி. எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்துச் சிற்றூரில் அவர்கள் வீடு. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலையில் போய்த் திரும்பினால் காடு. பருத்தி, குதிரைவாலி, உளுந்து என்று மழையை நம்பி விதைக்கிற கரிசல். மதினிக்கு மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போனது. நடக்கும்போது இடது கையை இடது முழங்காலுக்கு மேல் ஊன்றி, அழுத்தி, எட்டு வைப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் நாளே அப்படி நடந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் தன் மொபெட்டின் பின்னால் மதினியை உட்காரவைத்து முப்பது வருடம் காட்டுக்குப் போய்வந்தார். எதை எப்போது விதைப்பது, யாரைக் களைக்குக் கூப்பிடுவது எல்லாம் பின்சீட்டில்தான் முடிவாகும். அண்ணன் வண்டியை ஓட்டுவார், மதினி காட்டை ஓட்டுவார்கள் என்று ஊரில் கேலி பேசுவதுண்டு. அண்ணன் இறந்த பிறகு மொபெட் தொழுவத்தில் நின்றது. காடு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நின்றது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகன் நல்லவன். நல்லவன் என்பதுதான் சிக்கல். அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போகத் துடித்தான். அந்தப் பக்கத்துக் காடுகளைச் சூரிய மின்சாரம் எடுக்கிறவர்கள் வரிசையாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்; எங்கள் காட்டையும் கேட்டார்கள். "ஒத்தையில கிடந்து என்ன செய்யப் போறாக சித்தப்பா" என்று போனில் என்னிடம் கேட்டான். மதினி அவனிடம் ஒரே ஒரு தவணை கேட்டார்கள். தைப் பொங்கலுக்கு அவன் வரும்போது, யார் தயவும் இல்லாமல் வீட்டிலிருந்து காட்டுக்குப் போய்த் திரும்பிக் காட்டினால் காடு இருக்கும். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனோடு கிளம்பிவிடுவார்கள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருந்தார்கள். மழைக்குப் பிறகு கரிசல் மண் அந்தச் சக்கரத்தில் அப்பி, வண்டி ஒருமுறை அவர்களோடு சாய்ந்தது. கார்தான் வழி. வலது கால் நன்றாக இருப்பதால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் என்றால் போதும். அதில் மிதி இரண்டே. பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வலது காலுக்கு. இடது காலுக்கு வேலையே இல்லை.

வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்து தாசில்தாராக ஓய்வுபெற்றவன். நான் பார்த்தால் பிசகு வராது என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். விளம்பரத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பதிவுச் சான்று, காப்பீடு, கடன் தீர்ந்த சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பதிவுச் சான்றில் மாடல் பெயருக்குப் பின்னால், ஆட்டோமேட்டிக் என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் இருந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இருக்கிறதைச் சரிபார்க்க எனக்குத் தெரியும். இல்லாததைச் சரிபார்க்கும் படிவம் எந்த அரசாங்கத்திலும் கிடையாது. ஓட்டிப் பார்க்கும் சடங்கும் நடந்தது. ஓட்டியவர் கடைக்காரர். நான் பின்னிருக்கையில் இடது பக்கம், மடியில் கோப்போடு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் என் இடம் எது என்பது மட்டும் உடம்புக்குத் தெரியும். அவர் காலும் கையும் கியர் மாற்றியதை நான் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரம் காப்பீட்டுத் தாளின் பின்பக்க நிபந்தனைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். விற்பனை ஒப்பந்தத்தின் கடைசி வரி, வண்டியைப் பார்த்துத் திருப்தியடைந்து பெற்றுக்கொண்டேன் என்றது. அந்த வரியில் விட்டுப்போயிருந்த இரண்டு ஒற்றுகளைப் பேனாவால் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன்.

கடையின் ஆள் ஒருவர் வண்டியை ஊரில் கொண்டுவந்து நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, காபி குடித்து, பஸ்ஸேறிப் போய்விட்டார். அக்கம்பக்கத்தார் சுற்றி நின்றார்கள். மதினி கதவைப் பிடித்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார்கள். ஸ்டியரிங்கைத் தடவினார்கள். பிறகு குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். குரலை உயர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி, மிதி மூணுல்ல இருக்கு" என்றார்கள்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். விளம்பரம் போட்டவர் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று, அந்தத் துயரத்தில் நானும் பங்குகொள்ள வேண்டும் என்பதுபோல் சொன்னார். பிறகு எடுக்கவில்லை. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பதினைந்தாவது பிரிவைச் சுட்டி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். பதினைந்து நாளில் நினைவூட்டு. அடுத்த பதினைந்து நாளில் இறுதி நினைவூட்டு. ஒப்புகை அட்டைகள் மட்டும் யாரோ ஒருவரின் கிறுக்கலோடு ஒழுங்காகத் திரும்பி வந்தன. நுகர்வோர் ஆணையத்துக்குப் பதினான்கு பக்கம் புகார் எழுதி, அதை மதினியிடம் வாசித்துக் காட்டப் போனேன். என் பணிக்காலத்தில்கூட அவ்வளவு நல்ல வரைவு எழுதியதில்லை. கடைசிப் பக்கம்வரை பொறுமையாகக் கேட்டார்கள்.

"செயிச்சா என்ன கிடைக்கும் தம்பி?"

வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்றேன்.

"எப்ப?"

"சட்டப்படி மூணு மாசம் மதினி."

"நடப்புப்படி?"

நான் காகிதங்களை அடுக்கி நூலால் கட்டினேன். அவர்கள் வெளியே பார்த்தார்கள். "புரட்டாசில மழை வந்துருமே தம்பி. அது உங்க லெட்டருக்குக் காத்துக்கிட்டு நிக்காதே" என்றார்கள். கோபமில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவர்களே என்னைக் கூப்பிட்டு, வண்டியை அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறையில் விட்டிருப்பதாகச் சொன்னார்கள். போனேன். மெக்கானிக் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். கியர்க் கம்பியோடு சேர்த்து ஒரு பிடி. மோட்டார் சைக்கிள் கிளட்ச் பிடி மாதிரி. அதிலிருந்து ஒரு கேபிள் இறங்கிக் கிளட்ச் மிதியை இழுக்கும். கியர் மாற்றுகிற கையே பிடியையும் அழுத்தும். வீரசோழனில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவருக்கு இப்படி மாட்டிக் கொடுத்து இரண்டு வருடமாக ஓட்டுகிறார் என்றார். அனுமதி வாங்கினாரா என்று கேட்டேன். "யாரும் கேக்கலையே சார்" என்றார் மெக்கானிக், நான்தான் முதல் ஆள் என்ற வியப்போடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாவது பிரிவை அங்கேயே, ஆயில் டப்பாக்களுக்கு நடுவே சொன்னேன்: பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது.

மதினி அதைக் காதில் வாங்கிக்கொண்டே உள்ளே ஏறி உட்கார்ந்து பிடியை அழுத்தினார்கள். கேபிள் கனமாக இருக்கும், கை வலிக்கும், நாளாவட்டத்தில் பழகும் என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பிடி முழுதாக உள்ளே போயிருந்தது. அறுபது வருடமாக ஒவ்வோர் எட்டுக்கும் அந்தக் காலை அழுத்தி நடந்த கை அது. "நடக்கையில செய்யுறதத்தான் இங்க உக்காந்து செய்யுறேன்" என்றார்கள் மதினி. இடது காலுக்குப் பதில் இடது கை. அவர்களுக்கு அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

அன்று வீட்டுக்கு வந்து ஐம்பத்திரண்டாவது பிரிவை எடுத்துப் படித்தேன். மனப்பாடமான பிரிவை யாரும் எடுத்துப் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. முதல் வாக்கியத்துக்குப் பிறகும் அது தொடர்கிறது. உடல் குறைபாடு உள்ளவர் ஓட்டுவதற்கேற்ப வண்டியை மாற்றியமைக்க, பதிவு செய்யும் அதிகாரியின் அனுமதியோடு வழி இருக்கிறது. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை மனுக்களை எத்தனை பிரிவுகளின் முதல் வாக்கியத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. இல்லாதது நல்லது.

ஆவணியில் விண்ணப்பம் போனது. மருத்துவச் சான்று, மெக்கானிக் வரைந்த படம், மதினியின் பழகுநர் உரிமம், புதிதாக எடுத்த சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரதி. அனுமதி வரும்வரை மெக்கானிக் பிடியையும் கேபிளையும் கழற்றி வைக்கட்டும் என்றேன். மதினி ஒரு கேள்வி கேட்டார்கள். "சொந்தக் காட்டுக்குள்ள ஓட்டுறதுக்கு யார்ட்ட தம்பி கேக்கணும்?" மூன்று நாள் தேடினேன், என் கண்ணுக்கு எந்த விதியும் தட்டுப்படவில்லை. அதோடு நிற்கவில்லை. தார்ச்சாலையிலிருந்து காட்டுக்குள் போகும் வண்டிப்பாதையின் நில அளவைப் புலப்படத்தை வாங்கிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை பாதை முழுவதும் எங்கள் பட்டாவுக்குள்தான் வருகிறது. என் வாழ்நாளில் ஒரு புலப்படம் என்னைச் சந்தோஷப்படுத்தியது அந்த ஒருமுறைதான்.

மெக்கானிக் காரைத் தன் வண்டியில் கட்டி இழுத்துவந்து சாலையோரம் எங்கள் எல்லைக்குள் விட்டுப் போனார். வேலமரத்து நிழலில் அது உழவுமாடு மாதிரி நின்றது. மதினி ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, காரில் ஏறி, பாதையில் போய்த் திரும்புவார்கள். முதல் வாரம் வண்டி துள்ளித் துள்ளி நின்றது. களைக்கு வந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஏத்தா, உன் காரு தவக்களைக்கு வாக்கப்பட்டதா?" என்று ஒருத்தி கேட்க, "உன்னைய ஏத்துனா ஒழுங்காப் போகும், வந்து ஏறு" என்றார்கள் மதினி. புரட்டாசிக் கடைசியில் மழை இறங்கியது. விதை மூட்டை காரின் பின்னிருக்கையில் போனது. கண்ணாடி வரை கரிசல் தெறித்தது. பயிர் முளைத்தது.

மிச்சம் இருந்தது மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலை. மகன் கேட்டது வீட்டிலிருந்து காடுவரை. ஷேர் ஆட்டோ கணக்கில் வராது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. ஐப்பசியில் நினைவூட்டு எழுதினேன். கார்த்திகையில் நேரில் போய், ஒருகாலத்தில் என் முன்னால் மற்றவர்கள் உட்கார்ந்த மாதிரி, மரப்பலகையில் அரைநாள் உட்கார்ந்தேன். கோப்பு மேசைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எந்த மேசை என்று கேட்பது பண்பல்ல என்பது எனக்குத் தெரியும். மார்கழி முதல் வாரத்தில் ஆய்வாளர் ஒருவர் காட்டுக்கே வந்தார். பிடியை அழுத்திப் பார்த்தார், கேபிளை இழுத்துப் பார்த்தார், பிறகு மதினியை ஓட்டச் சொல்லி நானும் அவரும் வரப்பில் நின்றோம். எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, கேட்காமலே பின்னோக்கி எடுத்து மர நிழலில் நிறுத்தினார்கள். ஆய்வாளர் எழுதிக்கொண்டு போனார். எழுதிக்கொண்டு போகிறவர்கள் எழுதுவது என்னவென்று கண்டுபிடிக்க முடியாது. நானே அப்படி எழுதிக்கொண்டு போனவன்தான். அன்றிரவு மதினி போனில் கேட்டார்கள், தை பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

இதெல்லாம் நடந்து நாலு வருடமாகிறது. கார்க் கடைக்காரர் இன்றுவரை பதில் எழுதவில்லை. பதினான்கு பக்கப் புகார் கட்டிய நூலோடு என் அலமாரியில் இருக்கிறது. அதை அனுப்பினால் வண்டியைத் திருப்பிக் கேட்பார்களே என்று மதினி விடவில்லை. மகன் பொங்கலுக்கு வரும்போது முன்சீட்டில் உட்கார அவனும் அவன் பிள்ளைகளும் சண்டை போடுகிறார்கள். அவர்கள் இல்லாத நாளில் அந்த இடம் எனக்கு. பின்னிருக்கை உளுந்து மூட்டைக்கு. காரியாபட்டிச் சந்தைக்குப் போன வாரம் போனோம். வழியெல்லாம் மதினியின் இடது கை பிடியை அழுத்துவதையும் விடுவதையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாட்குறிப்பில் இப்போது காகிதத் துண்டுகள் இரண்டு. இரண்டிலும் அதே பதினேழு எழுத்தும் எண்ணும். முதலாவது நான் எடுத்தது. கோடு பிசகாமல், அச்சு மாதிரி. இரண்டாவது, விண்ணப்பத்துக்காக மதினி எடுத்ததன் மறுபிரதி. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தபடியே குனிந்து இருக்கைக்கு அடியில் கையை நீட்டி, பென்சிலை அழுத்தித் தேய்த்ததில் காகிதம் ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. அவற்றோடு பழுப்பு உறை ஒன்றும் இருக்கிறது. உள்ளே ஒரு பக்கக் கடிதம்: வண்டியின் மாற்றம் அனுமதிக்கப்பட்டுப் பதிவுச் சான்றில் சேர்க்கப்பட்டது, விண்ணப்பதாரர் இவ்வண்டியை ஓட்ட உரிமம் வழங்கப்படுகிறது. எந்தக் கடிதம் வந்தாலும் ஓரத்தில் பெறப்பட்ட நாளைக் குறித்துச் சுருக்கொப்பமிடுவது என் பழக்கம். அன்று தபால்காரர் கொடுத்ததும் மதினி பேனாவை என் கையிலிருந்து வாங்கி அவர்களே குறித்தார்கள். வட்ட வட்டமான பள்ளிக்கூடத்து எழுத்து: வரப்பெற்றது, மார்கழி இருபத்தெட்டு.