வால் அக்கா முன்னால் போன நாள்

அடுத்தவர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் அவரால் ஒரு சைக்கிளைக் கடந்து போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் சைக்கிள் குழு ஆட்கள் மைதானத்து வாசலில் கூடி நிற்பார்கள். ஒருவர் கொட்டாவி விடுவார், இன்னொருவர் ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இவர் குனிந்த தலை நிமிராமல், வரிசையாக ஒவ்வொரு டயராக அழுத்திக்கொண்டே வருவார். அனுமதி எல்லாம் கேட்கிற வழக்கம் கிடையாது. "காத்து கம்மி, இறங்குங்க" என்பார், அவ்வளவுதான். கியர் வைத்த புது வண்டியோடு வந்த ஒரு பெரிய மனிதர், போன வாரம்தான் கடையில் எல்லாம் சரிபார்த்து வாங்கியது என்று விளக்க ஆரம்பித்தார். அவர் விளக்கி முடிப்பதற்குள் பம்பு பாதி வேலையை முடித்துவிட்டது.

குழுவில் அவருக்கு வால் அக்கா என்று பெயர். எல்லாரும் கிளம்பிய பிறகு, எல்லாருக்கும் பின்னால், சிவப்பு மேல்சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர் அவர். யாரும் வழியில் விழுந்து கிடக்கவில்லை, பங்க்சர் ஆகி நிற்கவில்லை, கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடவில்லை என்பதற்கு அவர்தான் உத்தரவாதம். வால் என்று கூப்பிடுவதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "வால் போனா பல்லிக்கே தடுமாறுது, நீங்கள்லாம் எம்மாத்திரம்?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் செயினுக்கு எண்ணெய் விடப் போய்விடுவார்.

மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. சுழலும் கல், அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர், ஒரு ட்யூப்லைட், முதுகு இல்லாத ஒரு ஸ்டூல். லென்ஸைக் கொஞ்சம் தேய்ப்பார், ஃபிரேமில் வைத்துப் பார்ப்பார், உட்காராது, மறுபடி தேய்ப்பார். அவசரப்பட்டால் ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிடும் என்பதால் முன்கடையிலிருந்து முதலாளி எத்தனை முறை "ஆச்சாம்மா?" என்று கேட்டாலும் "ஆகும்போது ஆகும்" என்பதுதான் பதில். விரல் நுனிகள் எந்நேரமும் ஊறிச் சுருங்கியிருக்கும். அந்தக் கல்லின் இரைச்சலிலேயே இருந்து பழகியதில் குரலும் ஏறிப்போய்விட்டது. அவர் ரகசியம் சொன்னால் தெருமுனையில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் குரல்தான் அவருடைய தொழில்கருவி என்று குழுவில் சொல்வார்கள். மேட்டில் மூச்சு வாங்குகிறவரிடம் மேட்டைப் பற்றிப் பேசவே கூடாது என்பது அக்காவின் கட்சி. 'இதோ வந்தாச்சு' என்றோ, 'இன்னும் கொஞ்சம்தான்' என்றோ அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "கொஞ்சம்னு சொன்னாத்தான் எவ்வளவுன்னு நிமிந்து பாப்பாங்க. பாத்தா போச்சு" என்பார். அதற்குப் பதிலாக ஆளுக்குத் தகுந்த பேச்சை அவிழ்த்துவிடுவார். பல் டாக்டரிடம் பக்கத்து வீட்டு நாய் சௌக்கியமா என்று கேட்பார். அது செய்த அட்டூழியங்களைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் மேட்டைத் தாண்டியிருப்பார். மருந்துக்கடைக்காரரிடம் அவர் கடைசியாகப் பார்த்த படத்தின் கதையைக் கேட்பார். கேட்டுவிட்டு, வேண்டுமென்றே அண்ணனைத் தம்பி என்றும் மாமனாரை வில்லன் என்றும் புரிந்துகொள்வார். திருத்தித் திருத்தியே அந்த மனிதர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய சுற்று. அணைக்கட்டு வரை போய்த் திரும்பி, ரயில் மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் பள்ளி வாசலில் முடிவுக் கோடு. அன்று மட்டும் வாலுக்குப் பின்னால் ஒரு லாரி வரும். முடியாதவர்கள் கையைத் தூக்கினால் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். இதில் மீற முடியாத சட்டம் ஒன்று உண்டு. சிவப்புச் சட்டைக்கு முன்னால் இருக்கிறவரை நீங்கள் சுற்றில் இருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் போய்விட்டால் லாரிக்குச் சொந்தம். அதனால்தான் அக்கா எப்பேர்ப்பட்ட ஆமையையும் தாண்டியதே கிடையாது. முன்னால் போகிறவர் நின்றால் இவரும் நிற்பார், லாரியும் நிற்கும். லாரி டிரைவர் பாட்டை மாற்றிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

லாரியில் ஏறுவது பெரிய அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் குழுவின் செயலாளருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் ஜாஸ்தி. லாரியின் பின்புறத்தில் சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்களைப் படம் பிடித்து, 'இந்த வருடத்து லாரிப் பயணிகள்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிடுவார். இரண்டு வருஷமாக அந்தப் படத்தில் தவறாமல் இருந்தவர் வால் அக்காவின் நாத்தனார்.

நாத்தனார் பேருந்து நிலையத்தில் முன்பதிவுக் கவுன்ட்டரில் இருப்பவர். உட்கார்ந்தே இருக்கிற வேலை, முட்டி பிடித்துக்கொண்டது, டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். முன்னால் கூடை வைத்த ஒரு வண்டி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு வருஷமும் அதே மேம்பாலத்தில் காலை ஊன்றினார், கையைத் தூக்கினார். படம் கவுன்ட்டர் வரைக்கும் போய்விட்டது. பக்கத்து ஜன்னல்காரர் "லாரிக்கும் முன்பதிவு உண்டா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். நாத்தனார் அன்றைக்கு அழுதுவிட்டார். நேராக அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமலே, இந்தத் தடவையும் லாரியில் ஏறினால் சைக்கிளை விற்றுவிடுவேன், பிறகு எவர் சொன்னாலும் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதாவது, அண்ணனிடம் சொன்னார். அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஏன் உள்ளே வரவில்லை என்றால், அது ஒரு தையல் மெஷின் விவகாரம். மாமியார் காலமான பிறகு, அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பின்னறையில் இருந்த மாமியாரின் தையல் மெஷின் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா வாய் திறந்து கேட்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நாத்தனாரும் காரணம் சொல்லவில்லை. கேட்காததும் சொல்லாததுமாகச் சேர்ந்து பெரிய சுவராகிவிட்டது. விசேஷ வீடுகளில் இருவருக்கும் நடுவே அண்ணன்காரர் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கடத்திக்கொண்டிருப்பார். மனிதர் பாவம் என்று எல்லாரும் சொல்வார்கள்.

இந்த வருஷம் நாத்தனார் அணைக்கட்டு வரை நன்றாகத்தான் போனார். திரும்பும்போது எதிர்காற்று பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கண்ணுக்கு மறைந்தார்கள். மேம்பாலத்து அடிவாரத்தில் நாத்தனார், அவர் பின்னால் சிவப்புச் சட்டை, அதன் பின்னால் லாரி, இவ்வளவுதான் மிச்சம். அக்கா தன் வித்தையைத் தொடங்கினார். கவுன்ட்டரில் கூட்டம் எப்படி என்றார். "இருக்கு" என்றார் நாத்தனார். பசங்க நல்லா இருக்காங்களா என்றார். "ம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஊரில் எல்லாரிடமும் பேச விஷயம் வைத்திருந்த அக்காவுக்கு, சொந்த நாத்தனாரிடம் பேச ஒன்றுமே இல்லை.

பாதி மேட்டில் கூடை வண்டி ஆடியது. நாத்தனார் காலை ஊன்றிவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகம் செக்கச்செவேலென்று, "கால் போச்சு அண்ணி. என்னால ஆகாது" என்றார். கண் கலங்கியிருந்தது. வலது கை மெல்ல மேலே எழும்பியது.

பேச இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அக்கா எடுத்தார். "அந்தத் தையல் மெஷினை எனக்குத் தெரியாம தூக்கிட்டுப் போனியே, அன்னிக்கு இந்தக் கால் வலிக்கலையா?"

கை அந்தரத்தில் அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"காதுல விழலையா? பக்கத்துல வந்து கேளு" என்று சொல்லிவிட்டு அக்கா பெடலை மிதித்தார். நாத்தனாரைத் தாண்டினார். சிவப்புச் சட்டை முன்னால் போயே போய்விட்டது.

லாரி டிரைவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் வால் யாரையும் தாண்டி அவர் பார்த்ததில்லை. ஆனால் சட்டம் சட்டம்தானே. இறங்கி வந்து பின்பலகையைத் திறந்து, ஏறுங்கம்மா என்றார். அந்த மனிதர் மேல் தப்பே இல்லை. "மூடுய்யா அதை" என்றார் நாத்தனார். "நான் அவங்களைப் புடிச்சாகணும்."

பிறகு நடந்ததை டிரைவர் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாத்தனார் ஏறி மிதித்த மிதியில் கூடை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. அக்கா முன்னால், சரியாக ஒரு வசவு தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். நெருங்க விடுவதும் இல்லை, காதுக்கு எட்டாமல் போய்விடுவதும் இல்லை. திரும்பிப் பார்க்காமலே, அந்தக் கல்லுக் குரலில், கேட்டிருந்தா நானே குடுத்திருக்க மாட்டேனா, திருட்டுத்தனமா எதுக்கு என்று வீசிக்கொண்டே போனார். பின்னாலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது, பாதி மூச்சில் கரைந்துபோயிற்று. மேடு ஏற்றத்தான் இந்தச் சண்டையை இழுத்தார் அக்கா. ஆனால் முக்கால் மேட்டில் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்தால் சும்மாவா வரும்? குரல் உடைந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது, மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

முடிவுக் கோட்டில் நின்றவர்களுக்குப் பாலத்து உச்சி நன்றாகத் தெரியும். சிவப்புச் சட்டை உச்சியில் தெரிந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். தெரிந்தது. செயலாளர் வழக்கம்போல் பேனரின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார், தண்ணீர் மேஜையை மடிக்கச் சொன்னார். லாரிப் படம் எடுக்க ஃபோனையும் தயாராக வைத்துக்கொண்டார்.

மேலே அக்கா ஒரு முடிவோடு இருந்தார். உச்சிக்கு வந்ததும் நின்று, நாத்தனாரை முன்னால் விட்டு, பழையபடி வாலாகிவிட வேண்டும். அதற்கு அவசியமே வரவில்லை. அவர் பிரேக்கில் கை வைப்பதற்கு முன்பே, தொங்கும் கூடை கடகடவென்று அடிக்க, நாத்தனார் பக்கத்தில் வந்துவிட்டார். நின்றபடி மிதித்துக்கொண்டிருந்தார். தோளுக்குத் தோள் வந்ததும், இத்தனை வருஷத்துப் பதிலை ஒரே மூச்சில் சொன்னார்: "திருடலை அண்ணி. வேன் புடிச்சு ஏத்தி அனுப்பினதே அண்ணன்தான். உங்ககிட்ட கேட்டாச்சுன்னு என்கிட்ட சொன்னாரு."

சொல்லிவிட்டுத் தாண்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பாலத்து உச்சியில், சிவப்புச் சட்டையைத் தாண்டி முன்னால் போனார். கீழே செயலாளரின் கையிலிருந்து பேனர் கயிறு நழுவியது. பல் டாக்டர்தான் முதலில் கத்தினார் என்கிறார்கள். இல்லை, நான்தான் என்கிறார் மருந்துக்கடைக்காரர். அவிழ்த்த பேனரை நாலு பேர் பாய்ந்து பிடித்துக் கையிலேயே தூக்கி நின்றார்கள்.

அக்கா ஒரு கணம் மிதிப்பதை நிறுத்தினார். "அடப்பாவி மனுஷா" என்றார், காற்றிடம். அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, நாத்தனாருக்குப் பின்னால், முறைப்படி கடைசி ஆளாக இறங்கி வந்தார். முன்னால் நாத்தனார் பெல்லை அடித்த கை எடுக்காமல் அடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அந்த மணிச் சத்தத்துக்குக் கைதட்டல் தோற்றது. ஒரு மேம்பாலத்தை ஜெயிப்பது என்ன அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கிறவர்கள் அன்று அங்கே நின்றிருக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டியதும் அக்கா சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாலாக வருகிறவருக்கு மேட்டில் வேகமாக ஏறிப் பழக்கம் ஏது? முகம் முழுக்க வியர்வையும் புழுதியும் கண்ணீரும் குழம்பிக் கிடந்தது. நாத்தனார் அவர் எதிரே இடுப்பில் கை வைத்து நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். என்னைத் திருடின்னு நினைச்சீங்களா, இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா, நான் என்ன அந்நியமா என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பதக்கத்தோடு வந்த செயலாளரை அவர் கவனிக்கக்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து, நடந்தது ஒன்றும் அறியாத அண்ணன்காரர், வாயெல்லாம் பல்லாக, தங்கைக்கு என்று தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நாத்தனார் அவர் முகத்தைப் பார்க்காமலே பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினார். திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே மண்டியிட்டு, உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி, அண்ணியின் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார்.