ஹிரோட்சு அண்ணன் கத்தரி எண்ணிய நாள்

"இவ்வளவு நல்லா முடி வெட்ட எங்கே கத்துக்கிட்டார்?"

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்டபோதெல்லாம் நான் விழித்தேன். பதில் தெரியும்; சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

ஹிரோட்சு அண்ணன் தாமிரக் கம்பி திருடி நான்கு வருடம் சிறையில் இருந்தவர். உள்ளேயே முடிதிருத்தப் பழகி, அரசுத் தேர்வில் தேறி, உரிமமும் வாங்கினார். வெளியே வந்தபின் பன்னிரண்டு கடைகள் அவரை வேண்டாம் என்றன. அம்மாவுக்குத் தோள்வலி, ஆள் தேவைப்பட்டது. "ஒரு மாசம் பார்ப்போம். வாடிக்கைக்காரங்க போயிட்டா நீங்களும் போகணும்" என்றாள். எங்கள் துறைமுக ஊரில் முடி வெட்ட இருப்பது இந்த ஒரே கடை.

"வடக்கே ஒரு பெரிய நிறுவனத்துல படிச்சார்" என்று சமாளித்து வந்தேன். மீன் ஏலக்காரர் ஓனுமா மட்டும் விடவில்லை.

"விடுதி உண்டா?"

"உண்டு. சாப்பாடும் இலவசம்" என்றார் ஹிரோட்சு அண்ணன். அவருக்குப் பொய் வராது.

"அடேங்கப்பா! என் பயலையும் சேர்த்து விடலாமா? வீட்லதான் கிடக்கான்."

"வேண்டாம்ண்ணே. நடுவுல லீவு தரமாட்டாங்க."

அம்மா பலமாக இருமினாள்.

சிறைப் பட்டறையில் வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி உரக்கச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் நகர முடியாது. படபடப்பு வந்தால் அந்தப் பழக்கம் அண்ணனை இன்னும் பிடித்துக்கொள்ளும்.

கடைசி வாரத்தில் ஊர்ச் சங்கத் தலைவர் மொமோசே வந்தார். யாராவது குப்பை வண்டி வராத நாளில் குப்பையை வெளியே வைத்தால் வீடு தேடிப் போய்த் திட்டுகிறவர்.

"எங்கேயிருந்து வந்த ஆளுன்னே தெரியாம கத்தியைக் கையில குடுத்திருக்கியாம்மா? நானே உட்கார்ந்து பார்க்கறேன். சரியாப் படலேன்னா இன்னிக்கே அனுப்பிடணும்."

அண்ணனின் நெற்றி வியர்த்தது. ஆனாலும் கை பிசகவில்லை. வெட்டி முடித்தார், கருவிகளை அடுக்கினார், குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார்.

"கத்தரி மூணு! சவரக்கத்தி ரெண்டு! சீப்பு நாலு! எல்லாம் சரி!"

கழுத்தில் கட்டிய துணியோடு தலைவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். விறைப்பாக நின்று கத்தினார்:

"இருநூத்திப் பதினேழு!"



"அது என்ன நம்பர், தலைவரே?" என்றார் தன் முறைக்குக் காத்திருந்த ஓனுமா.

"வாயை மூடுய்யா." மெதுவாக உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வயசுல ஒரு அடிதடி. ஒண்ணரை வருஷம் உள்ளே. அங்க அதான் என் பேரு." கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தார். "இன்னமும் இப்படித்தான் எண்ண வைக்கறாங்களா?"

"ஆமாங்கய்யா."

"எனக்குத் தச்சுவேலை சொல்லிக் குடுத்தாங்க. சங்கக் கட்டடத்துக் கதவு நான் செஞ்சதுதான்."

"அதான் சாத்தவே முடியலை" என்றார் ஓனுமா.

முதலில் சிரித்தவர் தலைவர்தான். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "ஆள் இருக்கட்டும். யாராச்சும் ஏதாச்சும் பேசினா என்கிட்ட அனுப்பு."

மாதக் கடைசியில் அம்மா கடைச் சாவியை அண்ணனிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கினார். சிறையில் நான்கு வருடம் அவர் கதவைப் பூட்டியது வேறு யாரோ. அன்று அவரே பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

உங்கள் ஊரில் ஆள் தேடுகிற கடைக்காரர் இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். தலைவர் பெயரை நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சொல்லும்போது நீங்களும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.