நாலு கண் டிக்கெட்

மண்டப வாசலில் அன்றைக்கு நின்றவர்கள்: அத்தை. டிக்கெட் கிழிக்க மாமா. கையில் அச்சு மை போகாமல் வந்த அப்பா. அம்மா. அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி. ஆறாம் வகுப்பு படித்த நான். கொஞ்சம் தள்ளி, காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்த பட்டாசுக் கம்பெனி மேனேஜர்.

அத்தை, அப்பாவின் தங்கை. தெம்மாங்கு பாடுவாள். ஆமத்தூர், ஆனைக்குட்டம் பக்கம் அத்தை பாடாத பொங்கல் இல்லை. பல வருசம் பாடிய பிறகு ஒன்றைக் கண்டுகொண்டாள். பாடுகிறவருக்குச் சாப்பாடும் தேங்காய் மூடியும்தான்; பாட ஆள் கூட்டிவருகிறவருக்குத்தான் ரூபாய். அன்றோடு மைக்கை விட்டாள். கூடப் பாடியவர்களையே வைத்துக் கச்சேரி நடத்தக் கிளம்பினாள். பாட்டை நிறுத்தியதற்கு ஊரே நன்றி சொல்கிறது என்று மாமா கேலி செய்வார்.

திருத்தங்கல் மண்டபத்தில் முதல் கச்சேரி. மேனேஜர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மண்டபம் நிறைந்தால் கம்பெனியின் ஆயுதபூசைக் கச்சேரி வருசா வருசம் அத்தைக்கு. நிறையாவிட்டால் மதுரைப் பார்ட்டிக்கு.

டிக்கெட் அடித்தது அப்பா. அச்சாபீஸில் மெஷின்மேன். இரண்டு கலர், ஒரு ஷீட்டுக்கு ஆறு டிக்கெட். கலர் சரியாகச் சேரும்வரை கொஞ்சம் ஷீட் வீணாகும். எங்கள் ஊரில் அந்த வேஸ்ட் ஷீட்டை யாரும் எறிவதில்லை. நோட்டுக்கு அட்டை போடுவோம். அலமாரியில் விரிப்போம். மிச்சம் வடைக்கடைக்குப் போகும்.

அந்த முறை அப்பா ஒரு கட்டே தூக்கிவந்தார். சிவப்பும் நீலமும் சேராமல், படத்தில் இருந்த பாடகருக்கு நாலு கண். நேற்றுச் சேர்ந்த பையன்கூட இம்புட்டு வீணாக்க மாட்டான் என்று முதலாளி எல்லார் முன்னாலும் ஏசியதாகவும், தாளுக்குச் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகவும் அப்பாவே சொன்னார். சொல்லிவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை. ஊரிலேயே நல்ல மெஷின்மேன் எங்கள் அப்பா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன். அம்மா ஷீட்டுகளை எண்ணிக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

நல்ல டிக்கெட்டுகளோடு அத்தை தெருத் தெருவாகப் போனாள். இத்தனை வருசமாகச் சும்மா கேட்ட பாட்டுக்குக் காசா என்று எல்லாரும் மரியாதையாகவே கேட்டார்கள். காப்பி கொடுத்து அனுப்பினார்கள். அத்தை நிறையக் காப்பி குடித்தாள். டிக்கெட் ஐம்பதுகூடப் போகவில்லை.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷீட்டுக் கட்டை வெளியே இழுத்தாள். பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடட்டும் என்று வீட்டுக்கு வீடு கொடுத்துவரச் சொன்னாள். நானும் தங்கச்சியும் கொடுத்தோம். வடைக்கடையிலும் கொடுத்தோம்.

கச்சேரியன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபத்தில் நாற்காலிதான் இருந்தது. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் தெருமுனையில் எங்கள் தெரு வந்தது. அடுத்த தெருவும் வந்தது. எல்லார் கையிலும் டிக்கெட். கத்தரிக்கோலில் கோணலாக வெட்டியது. ஒரு டிக்கெட்டில் வடை எண்ணெய். ஒரு பையன் அறிவியல் நோட்டின் அட்டையைக் கழற்றி வெட்டியிருந்தான். பின்னால் அவன் பெயரும் வகுப்பும்.

மாமா ஒன்றை வாங்கி டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தார்.

“ஏத்தா, நாலு கண்ணுல்ல இருக்கு இதுல?”

தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அக்கா ஒருத்தி சொன்னாள்: “ரெண்டு கண்ணு டிக்கெட்டுக்கு ஒரு ஆளுன்னா, நாலு கண்ணுக்கு ரெண்டு ஆளை விடணும்ணே. எம் புருசனும் வாராரு, வழி விடுங்க.”

கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கட்டைவிரல் மையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே, மெசினு ரொம்ப மோசமோ?”

“ஆமா தாயி. ரொம்ப மோசம்.”

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்ல டிக்கெட்டுக்காரர்கள் முன் வரிசையில், மற்றவர்கள் காலி நாற்காலியில், மிச்சம் தரையில் என்று மாமாவிடம் சொன்னாள். மேனேஜர் உள்ளே வந்தபோது அவர் நாற்காலிக்குப் போக வழியில்லை. பிள்ளைகளைத் தாண்டித் தாண்டிப் போனார். ஏன் தரையில் எல்லாம் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“தெம்மாங்கு தரையில உக்காந்து கேக்குற பாட்டுங்க சார்,” என்றாள் அத்தை. “நீங்கதான் பாவம், நாற்காலியில மாட்டிக்கிட்டீக.”

ஆயுதபூசை அத்தைக்குத்தான் வந்தது. இன்றும் அவள்தான் நடத்துகிறாள். நான் அன்றைக்குப் பாட்டைக் கேட்கவில்லை. அப்பா வேலையில் இவ்வளவு மோசமாகிவிட்டாரே என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. அதே மெஷினில் நான் நிற்கிறேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. கலர் சேர எனக்குப் பத்து ஷீட் ஆகும். அப்பாவுக்கு ஆறு போதும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அன்றைக்கு அம்மா எண்ணிக் கட்டியது தொண்ணூறு.