ஷாக் அப்சார்பருக்குள் ஏறிய காற்று

அம்மாவுக்கு முதுகெலும்பில் நோய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பது வயதில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் எதுவும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். போகிற வழிதான் எனக்குப் பயமாக இருந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து காக்கநாட்டுப் பக்கம் வாரம் ஒருமுறை போக வேண்டும். அப்பா ஓட்டிய பழைய வாடகைக் காரின் பின்சீட்டில் அம்மாவைப் படுக்க வைத்துப் போவோம். சாலைக் குழிக்கு எங்கள் ஊரில் கட்டர் என்று பெயர். ஒவ்வொரு கட்டரிலும் கார் தூக்கிப்போடும், அம்மா அலறுவாள்.

அப்பா பழியையெல்லாம் காரின் மேல் போட்டார். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துவிட்டன, புதிது மாட்டினால் அம்மா மெத்தையில் போவது போலப் போகலாம் என்றார். அவர் சொன்ன தினுசில், அம்மாவின் வியாதியே அந்த இரண்டு இரும்புக் குழாய்களுக்குள்தான் இருப்பது போலத் தோன்றியது. நான் அப்படியே நம்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் தம்பியான மாமா உதவிக்கு வந்தார். தோப்பும்படியில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். அரிசி கிட்டங்கியை ஒட்டிய சந்தில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார்கள். துருப்பிடித்த நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார்கள். அப்பா புது ஷாக் அப்சார்பர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடித்து, அழுத்தி அழுத்தி விட்டார். உள்ளே இருக்கும் காற்று மேலே போய், எண்ணெய் அடியில் தங்க வேண்டுமாம்.

“இனி இது நட்டமாத்தான் நிக்கணும். படுக்கப் போட்டா காத்து ஏறிரும், கேட்டியா?” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

வீட்டுக்குள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். “என்னடி அது? கொண்டு வா, நான் பார்க்கட்டும்.”

ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். தடவிப் பார்த்தாள். “கொள்ளாமே, நல்லாருக்கே! இதா என்னை நோகாம கொண்டு போகப் போகுது?” என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது. கைக்குழந்தையைக் கிடத்துவது போல அதைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டாள். எனக்கு அப்பா சொன்னது சுத்தமாக மறந்துபோயிற்று. மாமாவின் குரல் கேட்டதும்தான் நினைவு வந்து, அதை எடுத்துப்போய்ச் சுவரோரம் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் நின்றேன்.

மாட்டி முடித்துக் காரை இறக்கி, அது தன் கனத்தில் உட்கார்ந்த பிறகு கடைசி நட்டுகளை இறுக்கினார்கள். அப்பா பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். கார் ஒருமுறை தாழ்ந்து, ஆடாமல் எழுந்து நின்றது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த நாள் தோப்பும்படிப் பாலத்துக்கு முன்னால் முதல் கட்டர் வந்தது. அம்மா அதுவரை அப்படி அலறி நான் கேட்டதில்லை. அப்பா காரை ஓரம்கட்டி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். படுக்கப் போட்டதைச் சொல்லிவிட்டேன். அப்பா திரும்பி என்னையே பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலமே சக்கரங்களைத் திரும்பக் கழற்றினார்.

“மச்சானே, ஷாக்குக்கு ஒரு கேடும் இல்ல. நாலு கட்டர் ஏறினா காத்து தன்னால போயிடும். உங்களுக்குத் தெரியாததா?” என்றார் மாமா.

“பிள்ளை சொல்லுதுல்ல. நீ பிடி,” என்றார் அப்பா.

கழற்றிய ஷாக்கை நிமிர்த்தி அழுத்தினார், அழுத்தினார், நிறுத்தவே இல்லை. கடைசியில் மாமாதான் அவர் கையிலிருந்து பிடுங்கி வாங்கினார்.

அடுத்த வாரம் காக்கநாடு வரை அம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சேலைத் தலைப்பை வாயில் சுருட்டி வைத்திருந்தாள். “பார்த்தியாம்மா, காத்து போயிடுச்சு!” என்று நான் குதித்தேன். அவள் தலையாட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர். அப்பா பின்னால் திரும்பவே இல்லை. நான் ஒவ்வொரு கட்டரையும் கைதட்டி வரவேற்றேன்.

அதன் பிறகு இரண்டே முறைதான் அம்மாவோடு அந்த வழியில் போனோம். நான் அழுதுவிடக் கூடாதே என்றுதான் அவள் சத்தத்தை விழுங்கினாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால், கத்தும்மா, வேண்டிய மட்டும் கத்திக்கோ என்று சொல்லியிருப்பேன்.